கேள்வி – பதில்: துஜைல் வழக்கும் பாக்தாத்வாசியின் கோபமும்

சதாம் உசேன் மீதான வழக்கு பற்றிச் சென்ற இதழில் எழுதியதற்கு வந்த கேள்விகளில் சில இங்கே. வழக்கை மறந்தவர்களுக்காக நாலு வரி: 1982 ஜூலை 8 அன்று பாக்தாத்துக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டரில் உள்ள துஜைலில் சதாமின் கார் வரிசை மீது சிலர் சுட்டார்கள். சதாம் தப்பினார். அரசு ஊரையே அள்ளிக்கொண்டு போனது. 148 ஆண்களுக்கும் சிறுவர்களுக்கும் புரட்சி நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது, தோப்புகள் தரைமட்டமாயின. இதற்காகச் சதாம் உள்பட எட்டுப் பேர் 2005 அக்டோபர் 19 அன்று பாக்தாத் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டனர். 2006 நவம்பர் 5 தீர்ப்பு. டிசம்பர் 30 விடிகாலை தூக்கு.

கே: சதாமால் அண்ணன் தம்பியைப் பறிகொடுத்த ஈராக்கியர்கள்கூட இந்த விசாரணையைப் பார்த்துக் கொதித்தார்கள் என்கிறீர்கள். கொடுங்கோலன் கூண்டில் நிற்பதைப் பார்த்து மகிழ வேண்டியவர்களுக்கு என்ன கோபம்?

ப: மகிழ்ந்தவர்களும் உண்டு. தூக்குச் செய்தி வந்ததும் வானத்தைப் பார்த்துச் சுட்டுக் கொண்டாடிய தெருக்கள் பாக்தாத்தில் இருந்தன. கொதித்தவர்களில் ஒரு பகுதி சதாமின் ஆட்கள். அவர்களை விட்டுவிடுவோம். மிச்சமுள்ளவர்களின் கோபம்தான் கவனிக்க வேண்டியது.

துஜைல் வழக்கின் குற்றச்சாட்டைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். சித்திரவதை, கடத்தல், தோப்பழிப்பு எல்லாம் இருந்தாலும், வழக்கின் நடு எலும்பு என்ன? 148 பேரை முறையான விசாரணை இல்லாமல் ஒரு நீதிமன்றம் சாவுக்கு அனுப்பியது. அந்தப் புரட்சி நீதிமன்றத்தின் தலைவராக இருந்த அவாத் அல் பந்தரும் எட்டுப் பேரில் ஒருவர். காவலில் விசாரிக்கப்பட்டபோதே செத்துப்போனவர்களின் பெயர்களும் அந்த மரண தண்டனைப் பட்டியலில் இருந்தன. அதை உறுதிசெய்யும் 1984 ஜூன் 16 தேதியிட்ட ஆணையில் சதாமின் கையெழுத்து. அதாவது, ‘நீ போலி விசாரணை நடத்தினாய்’ என்பதுதான் குற்றச்சாட்டே. அந்தக் குற்றத்தை விசாரிக்கும் நீதிமன்றம் தன் பங்குக்கு நீதிபதியை மாற்றுகிறது, வக்கீலைக் காப்பாற்றாமல் விடுகிறது, மேல்முறையீட்டை அவசரத்தில் முடிக்கிறது என்றால் துஜைல்காரனுக்கே வயிறு எரியாதா? தன் ஊருக்கு நடந்ததன் சின்ன நகலை எதிரிக்கு நடத்திக் காட்டும்படி யாரும் கேட்கவில்லை. கேட்டது, எதிரி வாய் திறந்து பதில் சொல்ல, அது ஏட்டில் ஏற வேண்டும் என்பதுதான்.

இதில் இன்னொரு வேதனை. ஆதாரம் பலவீனமாக இருந்திருந்தால் குறுக்கு வழிக்கு ஒரு சாக்காவது இருக்கும். இங்கே ஆதாரம் கையில் இருந்தது. 2006 மார்ச் 1 அன்று சதாமே நீதிமன்றத்தில் எழுந்து, அந்த 148 பேரை விசாரணைக்கு அனுப்பியதும் தோப்புகளை அழிக்கச் சொன்னதும் தான்தான் என்று ஒப்புக்கொண்டு, ‘இதில் குற்றம் எங்கே?’ என்று கேட்டார். இதைவிட அரசுத் தரப்புக்கு என்ன வேண்டும்? நிதானமாக நடத்தியிருந்தாலும் ஜெயித்திருக்கக்கூடிய வழக்கு.

கே: 2004 ஜூன் 28-லேயே அதிகாரம் ஈராக்கியர்களிடம் ஒப்படைக்கப்பட்டுவிட்டது. 2005-ல் தொடங்கிய வழக்கை ‘ஆக்கிரமிப்பின் கீழ் நடந்தது’ என்று எழுதுவது சரியா?

ப: காகிதத்தில் உங்கள் வாதம் சரி. ஐ.நா. பாதுகாப்பு அவை 2003 மே மாதம் 1483-ஆம் தீர்மானத்தில் அமெரிக்காவையும் பிரிட்டனையும் ஆக்கிரமிப்புச் சக்திகள் என்றே பெயர் சொல்லிக் குறித்தது. 2004 ஜூனில் 1546-ஆம் தீர்மானம் ஆக்கிரமிப்பு முடிவதாக அறிவித்தது.

ஆனால் வழக்கின் உறுப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். சதாமை விசாரித்த தீர்ப்பாயத்தின் சட்டம் வந்தது 2003 டிசம்பர் 10. அன்றைக்கு நாட்டை ஆண்டவர் அமெரிக்கா அனுப்பிய நிர்வாகி பால் பிரெமர். அவருடைய 48-ஆம் உத்தரவுதான், அவரே நியமித்த ஆளும் மன்றத்துக்குத் தீர்ப்பாயம் அமைக்கும் அதிகாரத்தைக் கொடுத்தது. மூன்று நாள் கழித்து, டிசம்பர் 13 அன்று சதாம் பிடிபட்டார். ஆதாரம் திரட்டவும் ஆவணங்களை அடுக்கவும் ஆலோசனை சொல்லவும் அமெரிக்கத் தூதரகத்தில் ஒரு தனி அலுவலகம் இயங்கியது. பணம் அமெரிக்க நாடாளுமன்றம் ஒதுக்கியது. 2004 ஜூன் 30 அன்று சதாமைச் ‘சட்டப்படி’ ஈராக்கிடம் ஒப்படைத்தார்கள். ஆள் மட்டும் கடைசி நாள் காலை வரை அமெரிக்கச் சிறையில், அமெரிக்கக் காவலில். நீதிமன்றக் கட்டடம் பாக்தாத்தின் பசுமை மண்டலத்தில், சதாமின் பாத் கட்சியின் பழைய தலைமையகத்தில். அந்த மண்டலத்துக்குள் நுழைய அமெரிக்கச் சோதனைச் சாவடியைத் தாண்ட வேண்டும். நாட்டில் அப்போது ஒரு லட்சத்துக்கு மேல் அமெரிக்கப் படையினர்.

சட்ட மொழியில் ‘ஆக்கிரமிப்பின் கீழ் பிறந்து, அந்நியப் படையின் நிழலில் நடந்த வழக்கு’ என்று சொன்னால் துல்லியம். பாக்தாத்தில் மின்சாரம் இல்லாமல் ஜெனரேட்டர் ஓட்டித் தொலைக்காட்சியில் இதைப் பார்த்தவர் அவ்வளவு நீளமாகச் சொல்ல மாட்டார்.

கே: ஆக்கிரமித்த நாடு நீதிமன்றம் அமைப்பது பற்றி ஜெனீவா ஒப்பந்தம் என்ன சொல்கிறது? எண்களோடு சொல்லவும்.

ப: 1949-ன் நான்காம் ஜெனீவா ஒப்பந்தத்தை எடுங்கள். பிரிவு 54: நீதிபதிகளின் நிலையை ஆக்கிரமிப்பாளர் மாற்றக் கூடாது. பிரிவு 64: உள்நாட்டுத் தண்டனைச் சட்டமும் நீதிமன்றங்களும் தொடர வேண்டும். ஆக்கிரமிப்பாளர் தன் பாதுகாப்புக்கும் ஒப்பந்தக் கடமைக்கும் தேவையான அளவுக்கே புதிதாகச் சட்டம் போடலாம். பிரிவு 65: அப்படிப் போட்டால் மக்களின் மொழியில் வெளியிட்ட பிறகுதான் செல்லும், முன்தேதியிட்டுச் செல்லாது. பிரிவு 66: ஆக்கிரமிப்பாளர் அமைக்கும் ராணுவ நீதிமன்றம் அரசியல் சார்பற்றதாக, அந்த நாட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும். பிரிவு 72: விரும்பிய வக்கீல், அவர் வேலை செய்யத் தேவையான வசதி. பிரிவு 75: மரண தண்டனை விதித்தால், உரிய அறிவிப்பு போய்ச் சேர்ந்து குறைந்தது ஆறு மாதம் கழித்துத்தான் நிறைவேற்றலாம்.

இவற்றில் பின்பாதி ஆக்கிரமிப்பாளரின் சொந்த நீதிமன்றத்துக்கான விதிகள். ‘இது ஈராக் நீதிமன்றம், எங்களுடையதல்ல’ என்ற ஒரே வாக்கியத்தால் அமெரிக்கா அவற்றைத் தாண்டியது. உள்ளூர் நீதிபதிகளை உட்கார வைப்பதில் உள்ள சௌகரியம் இதுதான். ஒப்பந்தத்தின் கணக்கில் ஆறு மாதம். துஜைல் வழக்கில் மேல்முறையீடு தள்ளுபடியானதற்கும் தூக்குக்கும் இடையே இருந்தது நான்கு நாள்.

கே: வழக்கின் நடுவில் நீதிபதி ஏன் மாறினார்?

ப: ஒருவர் மாறவில்லை, அது ஒரு வரிசை. முதலில் தலைமை வகித்தவர் ரிஸ்கார் முகமது அமீன், குர்திய நீதிபதி. சாந்தமானவர். சதாமைப் பேச விட்டார், கத்தினால் பொறுத்தார். ‘இடம் கொடுக்கிறார்’ என்று அமைச்சர்கள் மட்டத்திலிருந்தே வெளிப்படையாகக் கண்டனம் வந்தது. 2006 ஜனவரியில் ராஜினாமா செய்தார். அடுத்து வர வேண்டியவர் சயீத் அல் ஹமாஷி. அவர் பாத் கட்சிக்காரர் என்று கட்சிக் களையெடுப்பு ஆணையம் புகார் சொன்னது. அவர் மறுத்தார், பலனில்லை, ஒதுக்கப்பட்டார். மூன்றாவதாக வந்தவர் ரவூஃப் ரஷீத் அப்துல் ரஹ்மான். பிறந்த ஊர் ஹலப்ஜா. 1988 மார்ச் 16 அன்று சதாமின் விமானங்கள் விஷவாயு வீசி சுமார் 5,000 பேரைக் கொன்ற அதே ஹலப்ஜா. அவர் நேர்மையான மனிதராகவே இருக்கலாம். ஆனால் எந்த நாட்டிலும் ஒரு சாதாரண வக்கீல் முதல் வாய்தாவிலேயே எழுந்து ஆட்சேபிக்கும் விஷயம் இது.

கோளாறு மனிதர்களிடம் மட்டும் இல்லை, தீர்ப்பாயச் சட்டத்தின் நாலாம் பிரிவிலேயே இருந்தது. அமைச்சரவை பரிந்துரைத்தால், குடியரசுத் தலைமைக் குழு எந்தக் காரணத்துக்காகவும் ஒரு நீதிபதியைத் தீர்ப்பாயத்திலிருந்து மாற்றலாம். ‘எந்தக் காரணத்துக்காகவும்’ என்ற அந்த இரண்டு சொல்லைக் கவனியுங்கள். குர்தியர்களை அழித்ததற்காகச் சதாம் மீது நடந்த அடுத்த வழக்கான அன்ஃபால் வழக்கில் அது எப்படி வேலை செய்தது என்பது ஒரே வாரத்தில் தெரிந்தது. 2006 செப்டம்பரில் நீதிபதி அப்துல்லா அல் அமீரி, சதாமைப் பார்த்து ‘நீங்கள் சர்வாதிகாரி அல்ல’ என்றார். அசட்டுத்தனமான பேச்சு, சந்தேகமில்லை. அதற்கு மருந்து, அரசுத் தரப்பு மனுப் போட்டு, மற்ற நீதிபதிகள் விசாரித்து விலக்குவது. நடந்தது வேறு. அரசு ஆளையே தூக்கியது. இதற்குப் பிறகு அந்த இருக்கையில் உட்காருபவர் ஒவ்வொரு ஆட்சேபத்துக்கும் உத்தரவு போடும்போது வாசல் பக்கம் ஒரு கண் வைத்துத்தானே போடுவார்?

கே: எதிர்த்தரப்பு வக்கீல்கள் கொல்லப்பட்டார்களாமே?

ப: மூன்று பேர். சாதூன் அல் ஜனாபி, வழக்கு தொடங்கிய மறுநாளே கடத்திக் கொல்லப்பட்டார். ஆதில் அல் சுபைதி, 2005 நவம்பர் 8. கமீஸ் அல் உபைதி, 2006 ஜூன் 21. அரசுத் தரப்பு வக்கீல்களும் நீதிபதிகளும் பசுமை மண்டலத்துக்குள் பாதுகாப்பாக இருந்தார்கள். எதிர்த்தரப்பினரில் பலர் வெளியே. அவர்களுக்கு என்ன பாதுகாப்பு, யார் தருவது என்ற பேரம் கொலைக்குப் பிறகுதான் தொடங்கியது. இதனால் கெடுவது எது என்றும் சொல்லிவிடலாம்: துஜைலுக்குப் போய் எதிர்த்தரப்புச் சாட்சியைத் தேடும் வேலை. அது நின்றுபோனால், பிறகு நீதிமன்றத்தில் எவ்வளவு மணி நேரம் பேச விட்டாலும் பேசுவதற்குச் சரக்கு இருக்காது.

கே: சாட்சிகளைத் திரைக்குப் பின்னால் உட்கார வைத்தது தவறா?

ப: தவறில்லை. அன்றைய ஈராக்கில் முகம் காட்டினால் உயிர் போகும். 2005 டிசம்பரில் ஒரு பெண் திரைக்குப் பின்னாலிருந்து, தன்னை நிர்வாணப்படுத்தி அடித்ததைச் சொல்லும்போது விம்மியது அரங்கம் முழுக்கக் கேட்டது. ஆனால் குரலை மாற்றும் கருவியில் சொற்கள் குழம்பின. காதில் விழவில்லை என்று எதிர்த்தரப்பு எழுந்தது. அழுகை கேட்டது, சாட்சியம் புரியவில்லை. இதற்கு முன்கூட்டியே ஒத்திகை பார்த்திருக்க வேண்டாமா? முகம் மறைத்தால் சாட்சியின் அடையாளத்தை வக்கீலுக்கு எத்தனை நாள் முன்னதாகச் சொல்வது, குறுக்கு விசாரணையில் எதைக் கேட்கலாம் என்பதெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். ஒளிபரப்பும் நேரடி இல்லை. சில நிமிடம் தள்ளி, நடுநடுவே ஒலியை வெட்டித்தான் வெளியே வந்தது. வீட்டில் பார்ப்பவருக்கு என்ன வெட்டப்பட்டது என்பதைவிட, வெட்டப்பட்டது என்பதே போதும்.

கே: இதே தீர்ப்பாயத்தில் அபு கிரைப் சிறையில் கொடுமை செய்த அமெரிக்கப் படையினரை நிறுத்தியிருக்க முடியாதா?

ப: முடியாது. தீர்ப்பாயத்தின் எல்லை 1968 ஜூலை 17 முதல் 2003 மே 1 வரை. பாத் கட்சி ஆட்சியைப் பிடித்த நாளில் தொடங்கி, புஷ் ‘பெரிய சண்டை முடிந்தது’ என்று கப்பலில் நின்று அறிவித்த நாளில் முடிகிறது. அதற்குள்ளும் ஈராக்கியர்களும் ஈராக்கில் வசிப்பவர்களும் மட்டுமே. போதாததற்கு பிரெமரின் 17-ஆம் உத்தரவு கூட்டணிப் படையினரை ஈராக் நீதிமன்றங்களின் கைக்கு எட்டாமல் வைத்தது.

கே: ‘வென்றவர் நீதி’ என்று சொன்ன நம்மூர் நீதிபதி ராதாபினோத் பால் இருந்திருந்தால் சதாமை விடுவித்திருப்பாரா?

ப: ஊகத்துக்குப் பதில் இல்லை. ஆனால் ஒப்பிட ஒன்று இருக்கிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜப்பான் தலைவர்களை விசாரித்த டோக்கியோ தீர்ப்பாயத்தில் சாசனம் அமெரிக்கத் தளபதி மெக்ஆர்தர் போட்டது, வென்ற நாடுகளின் 11 நீதிபதிகள் உட்கார்ந்தார்கள். அப்படியும் பால் எல்லோரையும் விடுவிக்கச் சொல்லித் தனித் தீர்ப்பு எழுத முடிந்தது. அவரை யாரும் பாதியில் மாற்றவில்லை.

கே: தீர்ப்புத் தேதியில் அரசியல் இருந்தது என்பதற்கு ஆதாரம் உண்டா? எல்லாவற்றிலும் சதி பார்க்கிறீர்களோ?

ப: நியாயமான கேள்வி. 2006 நவம்பர் 5 தீர்ப்பு, நவம்பர் 7 அமெரிக்க நாடாளுமன்றத் தேர்தல். வெள்ளை மாளிகை தொடர்பே இல்லை என்றது. இரண்டு தேதி அருகருகே இருப்பது மட்டும் சதிக்கு ஆதாரமாகாது. ஆனால் தேதியைவிடக் கனமான தடயம் ஒன்று இருக்கிறது: நவம்பர் 5 அன்று முழுத் தீர்ப்பு தயாராக இல்லை. தண்டனையை மட்டும் வாசித்தார்கள். ஏறக்குறைய 300 பக்கத் தீர்ப்பு எதிர்த்தரப்பு கையில் கிடைத்தது நவம்பர் 22. காரணம் எழுதி முடிக்காத தீர்ப்பை அந்த நாளில் அறிவிக்க என்ன அவசரம் என்று கேளுங்கள். சதி என்று சொல்லாமலேயே கேட்கக்கூடிய கேள்வி அது.

இதனால் விளைந்த சேதம் கணக்கிடக் கூடியது. மேல்முறையீட்டுக்கு 30 நாள், அது தீர்ப்பு நாளிலிருந்தே ஓடியது. அதில் 17 நாள் தீர்ப்பே கையில் இல்லாமல் போனது. மிச்சம் 13 நாள். 300 பக்கத்தைப் படித்து, சாட்சியங்களோடு ஒப்பிட்டு, மனு எழுதி, கொலைக்குப் பயந்து வெளிநாட்டில் இருக்கும் சக வக்கீலிடம் கையெழுத்து வாங்க 13 நாள். மேல்முறையீட்டு அமர்வு டிசம்பர் 26 அன்று தண்டனையை உறுதி செய்தது. மனு போய்ச் சேர்ந்து சுமார் மூன்று வாரம்.

அதே அமர்வு, ஆயுள் தண்டனை பெற்ற முன்னாள் துணை அதிபர் தாஹா யாசின் ரமதானுக்கு அது போதாது என்று வழக்கைத் திருப்பி அனுப்பியதையும் சேர்த்துப் படியுங்கள். 2007 பிப்ரவரியில் அது தூக்காக மாறியது, மார்ச் 20 அன்று நிறைவேறியது.

கே: பக்ரீத் அன்று தூக்கிலிட ஈராக் சட்டம் இடம் தருகிறதா?

ப: ஈராக்கின் 1971 குற்றவியல் நடைமுறைச் சட்டம், பிரிவு 290: அரசு விடுமுறை நாளிலும் தண்டனை பெற்றவரின் மதப் பண்டிகை நாளிலும் தூக்கு கூடாது. 2006 டிசம்பர் 30 சன்னிகளுக்குப் பக்ரீத், ஷியாக்களுக்கு மறுநாள். சதாம் சன்னி. சட்டம் ‘தண்டனை பெற்றவரின் மதம்’ என்கிறது. பிரதமர் நூரி அல் மாலிக்கியின் அரசு வேறு நாட்காட்டியைப் பார்த்தது. துஜைலில் கொல்லப்பட்டவர்கள் மாலிக்கியின் ஷியா கட்சியான தாவாவைச் சேர்ந்தவர்கள் என்றுதான் அன்று குற்றம் சாட்டப்பட்டார்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.

கையெழுத்துச் சிக்கலும் இருந்தது. ஈராக் அரசியல் சட்டப்படி மரண தண்டனையைக் குடியரசுத் தலைவர் உறுதிப்படுத்த வேண்டும். அன்றைய தலைவர் ஜலால் தலாபானி மரண தண்டனையை எதிர்ப்பவர். தீர்ப்பாயச் சட்டமோ யாருக்கும் மன்னிக்கும் அதிகாரம் இல்லை, 30 நாளுக்குள் நிறைவேற்ற வேண்டும் என்றது. எந்தச் சட்டம் மேலே என்று ஒரு நீதிமன்றம் சொல்லியிருக்க வேண்டும். கடைசியில் உத்தரவில் கையெழுத்திட்டவர் பிரதமர். கைப்பேசியில் எடுத்த படம் வெளியே வந்தபோது, சுருக்கு மாட்டிய மனிதனைப் பார்த்து ‘முக்ததா, முக்ததா’ என்று ஒரு ஷியா தலைவரின் பெயரைச் சொல்லிக் கத்துவது கேட்டது. அரசின் தண்டனையைக் கோஷ்டிப் பழியாக்க அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது.

கே: இப்படி ஒரு வழக்கில் சாதாரணக் குடிமகன் என்னதான் செய்ய முடியும்?

ப: நினைப்பதைவிடக் கொஞ்சம் அதிகம், ஆசைப்படுவதைவிட ரொம்பக் குறைவு. சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தின் கதவு மூடியிருந்தது. ஈராக் அதில் உறுப்பினரில்லை, அதன் அதிகாரமும் 2002 ஜூலை 1-க்குப் பிந்தைய குற்றங்களுக்கே. திறந்திருந்த ஒரு சன்னல், ஜெனீவாவில் உள்ள ஐ.நா.வின் தன்னிச்சைத் தடுப்புக்காவல் பணிக்குழு. அங்கே உள்நாட்டு நீதிமன்றங்களை எல்லாம் ஏறி இறங்கி முடித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. குடும்பத்தாரோ வக்கீலோ அமைப்போ எழுதலாம். படிவத்தில் கைதான தேதி, யார் பிடித்தது, எந்தச் சட்டத்தின் கீழ், எங்கே வைத்திருக்கிறார்கள், எந்த உரிமை எந்த நாளில் மறுக்கப்பட்டது என்று கேட்பார்கள். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஆறு பக்கம் ஆத்திரமாக எழுதிவிட்டு, வக்கீலைப் பார்க்க விடாத தேதியைக் குறிக்க மறந்துவிடுவார்கள். அரசுக்குப் பதில் சொல்ல 60 நாள். பிறகு கருத்துரை வரும், அதற்கு யாரையும் கட்டிப்போடும் பலம் இல்லை. சதாம் வழக்கில் விசாரணை நியாயமற்றது என்றே 2006-ல் அந்தக் குழு சொன்னது. தூக்கு நிற்கவில்லை.

கே: ஹலப்ஜா, அன்ஃபால் என்று பெரிய குற்றங்கள் இருக்கும்போது துஜைலை ஏன் முதலில் எடுத்தார்கள்?

ப: வழக்கறிஞர் கண்ணில் பார்த்தால் காரணம் எளிது. ஒரே ஊர், ஒரே சம்பவம், கையெழுத்திட்ட ஆவணம், உயிரோடிருக்கும் சாட்சிகள். புதிய தீர்ப்பாயம் சின்ன வழக்கில் கை பழகிக்கொள்ளும். தப்பான திட்டம் என்று சொல்ல முடியாது, ஒன்றைச் சரிசெய்திருந்தால்: மற்ற வழக்குகள் முடியும்வரை தண்டனையை நிறுத்தி வைத்திருக்க வேண்டும். தூக்கை 30 நாளுக்குள் முடிக்கச் சொன்ன விதி அந்தக் கதவை அடைத்தது. அதை மாற்றவோ தளர்த்தவோ அரசுக்கு மனமில்லை.

அன்ஃபால் வழக்கு 2006 ஆகஸ்ட் 21 அன்று தொடங்கியிருந்தது. குர்தியர்களை ஊர் ஊராக அழித்ததற்கு இனப்படுகொலைக் குற்றச்சாட்டு. இடைவேளைக்குப் பின் 2007 ஜனவரி 8 அன்று நீதிமன்றம் கூடியது. முதல் வேலையாகச் சதாம் மீதான குற்றச்சாட்டுகளை நீக்கியது. அவர் உட்காரும் நாற்காலி காலியாக இருந்தது. அன்றைக்கே அரசுத் தரப்பு சில ஒலிநாடாக்களைப் போட்டுக் காட்டியது. ரசாயன ஆயுதங்கள் எத்தனை பேரைக் கொல்லும் என்று பேசும் குரல் சதாமுடையது என்றார் வழக்கறிஞர். குரலுக்குரியவர் தூக்கிலிடப்பட்டு ஒன்பது நாள் ஆகியிருந்தது. இது உன் குரல்தானா என்று ஹலப்ஜாக்காரர்களுக்காகக் கேட்க, எதிரே ஆள் இல்லை.